கறுவலைக் குளிப்பாட்டப் போன பயணம்

குதிரை குளிப்பாட்டுவதற்காகக் கடல் கடந்து போன மனுசி இந்தத் தீவுப்பகுதியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போயிருக்கவே வேண்டாம். எங்கள் ஊர் மடத்துவெளியில் எனக்கு வேலை இல்லாமலா கிடந்தது? வெயிலில் காயப்போட்ட புளி அப்படியே கிடந்தது. அதை விட்டுவிட்டுப் போனேன்.

பூமணி என் தங்கை. நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்டவள். புருசன் கண்மூடின பிறகும் அங்கேதான் தனியே இருக்கிறாள். அவள் வளவில் ஒரு குதிரை நிற்கிறது. நெடுந்தீவில் ஆருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் வெளியெல்லாம் திரியும். இது அப்படி இல்லை. வறட்சிக் காலத்தில் வற்றிப்போன குளத்தடியில், செத்த தாய்க்குப் பக்கத்தில் நின்ற குட்டியைக் கொண்டுவந்து போத்தலில் பால் கொடுத்து வளர்த்தாள். நல்ல கறுப்பு. பெயரும் கறுவல்.

வெளிநாட்டில் இருக்கிற தீவுக்காரர் கொஞ்சப் பேர் சேர்ந்து, வீட்டில் வளர்க்கிற சின்னக் குதிரைகளுக்கு ஒரு போட்டி வைக்கப் போகிறார்களாம். முதற்பரிசு ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி. தொலைபேசியில் இதைச் சொன்னபோது பூமணியின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அவளுடைய கிணறு சவர். நல்ல தண்ணீர் கிழமைக்கு இரண்டு தரம் பவுசர் லொறியில் வரும். பிடித்து வைக்க அவளிடம் இருப்பது நாலே நாலு பிளாஸ்ரிக் கான். தாங்கி இருந்தால் கிழமை முழுக்கக் கவலை இல்லை. கறுவலும் உப்புத் தண்ணீர் குடிக்கத் தேவையில்லை.

"அக்கா, நீதானே லண்டனிலை உதெல்லாம் செய்தனி. வா" என்றாள்.

செய்தேன்தான். போன வருடம் இங்கிலாந்தில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். மகள் அங்கே ஒரு சின்னக் குதிரை வைத்திருக்கிறாள். சின்னது என்றால் என் இடுப்பு உயரம். முதலில் நாய் என்றுதான் நினைத்தேன். போட்டிக்கு முதல் நாள் அதற்கு மெசின் போட்டு மயிர் வெட்டி, மணக்கிற சவக்காரம் போட்டுக் குளிப்பாட்டி, குளம்புக்குக் கறுப்பு மை பூசி, கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் எண்ணெய் தடவுவாள். நான் பக்கத்தில் நின்று வாளி பிடித்தேன். ஊருக்கு வந்து கதைத்தபோது வாளியைப் பற்றிச் சொல்ல மறந்துபோனேன்.

வியாழக்கிழமை வெளிக்கிட்டேன். மகள் தந்துவிட்ட குதிரைச் சாமான் எல்லாம் ஒரு பையில்: இரண்டு பிரசு, ஒரு சீப்பு, சவக்காரத் தண்ணீர்ப் போத்தல், குளம்பு மை. மகளுக்கும் போன் எடுத்துச் சொல்லியாயிற்று. "அம்மா, வெண்டால் உடனை போன் பண்ணுங்கோ" என்றாள். "வெண்டால் என்னடி வெண்டால், வெல்லுறதுதான்" என்றேன்.

குறிகட்டுவான் துறையில் வள்ளத்துக்குள் ஏறினால் இருக்க இடமில்லை. சீமெந்துப் பை, காஸ் சிலிண்டர், கூடைக்குள் கோழி, கொழும்பிலிருந்து குதிரை பார்க்க வந்த ஒரு கூட்டம். எனக்கு என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கீழே சூடு, மேலே கடல் தண்ணீர். விமானத்தில் பத்து மணித்தியாலம் இருந்த எனக்கு இந்த ஒரு மணித்தியாலம்தான் இடுப்பை முறித்தது. விமானத்தில் என்றால் குடிக்கவாவது தருவார்கள்.

எதிரே இருந்த கொழும்பு மனுசி என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பிரசைப் பார்த்துப் புருசனிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தா. பக்கத்தில் இருந்த ரீச்சருக்குச் சிங்களம் தெரியும். என்ன சொல்லுறா என்று கேட்டேன். ரீச்சர் கொஞ்சம் தயங்கி, "இந்த அம்மா குதிரைக்குப் பல்லுத் தீட்டப் போறாவோ எண்டு கேக்கிறா" என்றா.

"ஓமாம், பிறகு பவுடரும் போட்டுவிடுவனாம் எண்டு சொல்லுங்கோ" என்றேன். ரீச்சர் சொன்னா. அந்த மனுசி என்னைப் படம் எடுத்தா. இதற்கெல்லாம் நான் என்ன செய்ய ஏலும்?

நடுக்கடலில் ஒரு அலை வந்து பையை உருட்டியது. குளம்பு மைப் போத்தல் மூடி கழன்று, முகம் துடைக்கக் கொண்டுபோன என் வெள்ளைத் துவாயெல்லாம் கறுப்பு.

துறையில் இறங்கி, லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு மெசினின் பெட்டியில் ஏறினேன். அரைக் கட்டை தூரம் போகவில்லை, என்ஜின் பெல்ற் அறுந்தது. "பத்து நிமிசம் அம்மா" என்று சொல்லிவிட்டு அந்த மனுசன் பூவரசு நிழலில் போய்ப் படுத்தார். நெடுந்தீவுப் பத்து நிமிடம் எனக்குத் தெரியும். இறங்கி நடந்தேன். இரண்டு பக்கமும் கல்வேலி, மேலே வெயில், பேருக்கும் நிழல் இல்லை. வழியில் ஆருடையதும் இல்லாத நாலு குதிரைகள் ரோட்டை மறித்து நின்றன. போட்டிக்கு வந்தவள் நான் என்று அவைக்குத் தெரியாது. விலகவில்லை. நான்தான் சுற்றிப் போனேன்.

பூமணி தேத்தண்ணீர் தந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தேன்.

"இது தேத்தண்ணியோ, ரசமோ?"

"கானிலை இருக்கிறது குடிக்க. தேத்தண்ணிக்குக் கிணத்துத் தண்ணி பாதி கலக்கிறனான். பழகிவிடும், குடி."

பழகவில்லை. இரவு புட்டும் திரளி மீன் சொதியும் தந்தாள். அதற்கு உப்பே போடவில்லை என்றாள். நம்பினேன்.

பின்வளவில் சூசை அண்ணை. கடற்தொழில் செய்கிறவர், பூமணியை விட இரண்டு மூன்று வயது மூப்பு. அவரிடமும் ஒரு குதிரை, பெயர் ராணி. அவரும் போட்டிக்குப் போகிறார். இரண்டு வளவுக்கும் நடுவே கல்வேலி. நெடுந்தீவு வேலிக்குச் சீமெந்தும் இல்லை, மண்ணும் இல்லை. கடற்பாறைக் கல்லைப் பார்த்துப் பார்த்து அடுக்கியிருக்கும், அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் அந்த வேலியில் நாலு முழம் சரிந்து கிடந்ததாம். கறுவல் உதைத்தது என்று அவர். ராணி சாய்ந்தது என்று இவள். வேலியைத் திருப்பி அடுக்கியாயிற்று, ஆனால் அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதை இல்லை. கதை இல்லை என்றால் வாய் சும்மா இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அவர் தன் குதிரையிடம் உரத்துச் சொல்லுவார், இவள் தன் கோழிகளிடம் உரத்துச் சொல்லுவாள். சொல்ல வேண்டியது போய்ச் சேர்ந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலமை பூமணி கோயிலுக்குப் போனாள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். கறுவல் என் நெஞ்சு உயரம். லண்டன் குதிரையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றிச் சவக்காரத் தண்ணீரைப் போட்டுத் தேய்த்தேன். நுரை வந்தால்தானே! சவர்த் தண்ணீரில் அது பால் திரைந்த மாதிரித் திரைந்து மயிரில் ஒட்டியது. அரைப் போத்தல் போயிற்று. என் கையும் போயிற்று.

வேலிக்கு அங்காலே குரல் கேட்டது. "கண்டியோ ராணி, லண்டன் குளிப்பு நடக்குது. உனக்குக் குடுத்து வைக்கேல்லை."

நான் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் என்னோடு கோபமில்லாதவர்தான், என்றாலும் கூடப்பிறந்தவளின் சண்டை எனக்கும் சண்டை.

வெயிலில் காய விட்டேன். அரை மணித்தியாலத்தில் கறுவல் வெள்ளையாகிவிட்டது. உப்புப் பூத்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிற்கிறது. பிரசு போட்டால் உப்புத் தூள் பறந்து என் கண்ணுக்குள் விழுந்தது. அங்கிருந்து சூசை அண்ணை, "ராணி, பக்கத்து வளவுக்குப் புதுசா வெள்ளைக் குதிரை ஒண்டு வந்திருக்கு. கறுவல் எங்கை போட்டான்?" என்றார்.

அந்தக் கதைதான் என்னைக் கெடுத்தது. நேரே குசினிக்குள் போனேன். நாலு கானும் வரிசையாக நின்றன. இரண்டைத் தூக்கி வந்து கறுவலின் முதுகில் ஊற்றினேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல தண்ணீர் நல்ல தண்ணீர்தான். உப்பெல்லாம் கழுவுப்பட்டு அந்த உடம்பு மினுங்கின மினுக்கம்! மகளுடைய குதிரைக்குச் சனம் கை தட்டினபோதுகூட அது இப்படி மினுங்கவில்லை. நானே இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன்.

நான் பார்த்துக்கொண்டிருக்க, அது முன்னங்காலை மடித்து, படுத்து, நாலு காலையும் மேலே தூக்கிப் புழுதிக்குள் புரண்டது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எழும்பி உதறியது. குளித்த குதிரை புரளும் என்பது எனக்குத் தெரிந்த விசயம்தான். அங்கே மகள் அதற்கென்று தைத்த உடுப்புப் போட்டுவிடுவாள். நான் மறந்துபோனேன்.

மூன்றாவது கானும் முடிந்தது. இந்த முறை மறக்கவில்லை. படுக்க ஏலாதபடி பூவரசில் கயிற்றைக் கட்டையாக இழுத்துக் கட்டினேன். கறுவல் தண்ணீர் குடிக்கிற தொட்டி ஆறடி தள்ளி இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை.

பூமணி திருநீற்றோடு வந்து, குதிரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குசினிக்குள் போனாள். சிரிப்பு நின்றது.

"அக்கா! கான் எங்கை?"

"உன்ரை குதிரை முதுகிலை."

"குடிக்கிற தண்ணியிலை குதிரையைக் குளிப்பாட்டினியோ? உனக்கென்ன விசரே? பவுசர் இனித் திங்கட்கிழமைதான்!"

"நாளைக்கு வெண்டால் தாங்கி வரும்தானே."

"வெறுந்தாங்கி அக்கா! அதுக்குள்ளை தண்ணி ஆர் விடுறது? நீயோ?"

நான் வெறுங்கான்களைப் பொறுக்கி அடுக்கினேன். அவள் முற்றத்துக்குப் போய்க் கோழிகளுக்கு நெல் எறிந்தாள். "வெளிநாட்டுக்குப் போட்டு வந்தால் மூளை பெருக்கும் எண்டு நினைச்சன், பிள்ளையள்" என்றாள். கோழிகளுக்குச் சொன்னதில்லை அது. அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் ஒரு கானை நடுவில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். கறுவல் விடியும்வரை பூவரசடியிலேயே கட்டுண்டு நின்றது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதுதானே என்று பூமணியும் போய்ப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலமை குளம்புக்குப் பூச மை இல்லை, அது வள்ளத்தில் என் துவாயோடு போயிற்று. சிரட்டைக் கரியை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினேன். நன்றாகவே வந்தது. கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் அதே எண்ணெய். உடனே இலையான் வந்து மொய்த்தது. லண்டனில் இலையானும் குறைவு.

பூமணி கிணற்றுத் தண்ணீர் வாளியோடு வந்தாள். "வாடிப் போச்சுது அக்கா. ஒரு வாய் குடிக்கட்டும்."

"இப்ப குடுக்காதை. வயிறு தொங்கும். அங்கை மகள் குடுக்கிறேல்லை."

உண்மையில் மகள் குறைத்தது வைக்கோலை. தண்ணீரை இல்லை. அது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் வாயிலிருந்து விழுந்த சொல்லை அவளுக்கு முன்னால் எடுத்திருப்பேனோ தெரியாது. பூமணி வாளியைக் கீழே வைத்தாள். கறுவல் அந்த வாளியைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன்தான்.

மைதானத்தில் ஒன்பது குதிரைகள். ஒரு தறப்பாள் பந்தல், நாலு கதிரை, ஒரு மைக். தறப்பாளுக்குப் பின்னால் தேத்தண்ணீர்க் கடை போட்டிருந்தார்கள். தீர்ப்புச் சொல்ல மத்தியத்துக்கு வந்தது ஒரு மிருக வைத்தியர், நோர்வேயில் பிறந்து வளர்ந்த நெடுத்த இளம் பெட்டை. தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எடுத்து வைத்தாள். தடியை நிறுத்தி உயரம் அளந்தாள், சொண்டை விரித்துப் பல் பார்த்தாள், காலைத் தூக்கிப் பார்த்தாள். வீட்டுக்காரர் குதிரையை நடத்தி, ஓட்டி, கொண்டுவந்து அவளுக்கு முன்னால் அசையாமல் நிறுத்த வேண்டும். இதெல்லாம் மகள் போட்டிக்குப் போன இடத்தில் பார்த்ததுதான். அங்கே கோட்டும் சப்பாத்தும் போட்டு ஓடுவார்கள். இங்கே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள்.

சூசை அண்ணையின் ராணி வலைக் கயிற்றில் வந்தது. குளிக்கவில்லை. வாலில் நாயுருவி முள். ஆனால் கல் மாதிரி நின்றது.

பூமணிக்கு முழங்கால் ஏலாது. நான் ஓடினேன். எழுபத்தி நாலு வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதிரையோடு ஓடினேன், ஓடி முடித்தேன். சனம் விசில் அடித்தது. கறுவலின் முதுகில் வெயில் பட்டு எண்ணெய்க் குடம் போல மின்னியது. கொண்டுவந்து நிறுத்தினேன். நாலு காலும் நாலு மூலையில், தலை நிமிர்ந்து, அசையவில்லை. அந்தப் பெட்டை சுற்றி வந்து பார்த்தாள். "வடிவு" என்று மெச்சினாள். நான் பூமணியைப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் கோர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள். தாங்கி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது தேத்தண்ணீர்க் கடைக்காரி பெரிய கானைச் சரித்து வாளிக்குள் தண்ணீர் வார்த்தாள். அந்தச் சத்தம்தான். கறுவலின் காது திரும்பியதைக் கண்டேன், அதற்குப் பிறகு நான் இழுபட்டுக்கொண்டு போனேன். கயிற்றை விடவில்லை. செருப்பு இரண்டும் விட்டுப் போயிற்று. தறப்பாள் கயிறு ஒன்று அறுந்தது. கறுவல் வாளிக்குள் தலையை விட்டு அடிவரை குடித்துவிட்டு, கடைக்காரியை நிமிர்ந்து பார்த்தது. அவள் இன்னொரு வாளி வார்த்தாள். அதுவும் முடிந்தது.

அந்தப் பெட்டை வந்து கறுவலின் கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளி இழுத்து விட்டாள். தோல் உடனே திரும்பிப் போகவில்லை. சனம் எல்லாம் கூடி நின்றது.

"அம்மா, இது எப்ப தண்ணி குடிச்சது?"

பூமணி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளாக ஏதாவது சொல்லி என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நேற்றுக் காலமை" என்றேன். "தங்கச்சி குடுக்க வந்தவள். நான்தான் வேண்டாம் எண்டனான்."

"நல்லாய் நிண்டது. நல்ல குதிரை. ஆனா தாகத்தோடை நிக்கிற குதிரைக்கு நான் முதல் இடம் தர ஏலாது."

தாங்கி ராணிக்குப் போயிற்று. மைக்கில் பெயர் சொன்னபோது சூசை அண்ணை எங்களைப் பார்த்து ஒரு நையாண்டி விடுவார் என்று காத்திருந்தேன். விடவில்லை. ராணியிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என் செருப்பு இரண்டையும் பொறுக்கிக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பின்னேர வள்ளம். காலமையே பூசை முடிந்து வந்த நாலு பேர் லான்ட்மாஸ்டரில் தாங்கியைக் கொண்டுவந்து ஒழுங்கை வாயில் இறக்கினார்கள். சூசை அண்ணையின் படலைக்குப் போகிற ஒழுங்கையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சரிய வேண்டும். தாங்கி அரைவாசி கூட உள்ளே போகவில்லை. சரித்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். பரிசு வாங்குகிறதற்கு முன் ஒழுங்கையை அளந்து பார்க்க அந்த மனுசனுக்கு நேரமில்லை.

மற்ற வழி ஒன்றுதான். பூமணியின் வளவுக்குள்ளால் கொண்டுபோய், நடுவேலியைப் பிரித்து, அந்தப் பக்கம் இறக்கலாம். எல்லாருக்கும் அது தெரியும். எல்லாரும் தாங்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சூசை அண்ணை வேலியடியில் நின்று, "என்ன செய்யிறது ராணி, தாங்கி ரோட்டிலேயே நிக்கட்டும். நாங்கள் வாளியோடை அங்கை போய்க் குடிப்பம்" என்றார்.

பூமணி குசினி வாசலில் நின்றாள். கையில் கடைசிக் கான், அதில் கால்வாசியும் இல்லை. அதைக் கீழே வைத்துவிட்டு வேலியடிக்குப் போனாள். மேற்கல்லை இரண்டு கையாலும் தூக்கி நிலத்தில் போட்டாள்.

"உதை ராணிக்குச் சொல்லாதேங்கோ சூசை அண்ணை. எனக்குச் சொல்லுங்கோ."

அவர் சாரத்தை மடித்துக் கட்டினார். பிறகு அந்தப் பக்கத்துக் கல்லொன்றைத் தூக்கினார். "மெதுவாய் தூக்கு பூமணி, உனக்கு முழங்கால் ஏலாதெல்லோ" என்றார்.

என்னையும் சும்மா விட்டார்களா? பயணம் போக உடுத்திய சேலையோடு நானும் கல் தூக்கினேன். தாங்கி உருண்டு போயிற்று. அதற்குப் பின்னால் கறுவலும் போயிற்று, அதை ஒருவரும் கூப்பிடவில்லை. சூசை அண்ணையின் மனுசி தங்கள் குசினியிலிருந்து இரண்டு கான் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து பூமணியின் குசினிக்குள் வைத்தா. அதில் வைத்த தேத்தண்ணீரை அவசரத்தில் நின்றபடி குடித்தேன். முதல்முதலாக உப்பில்லை. குடித்து முடிக்கவில்லை, லான்ட்மாஸ்டர்காரர் கத்தத் தொடங்கினார், வள்ளத்துக்கு நேரமாம். வந்த நாள் படுத்துக் கிடந்த அதே மனுசன்.

பிரசையும் சீப்பையும் பூமணியிடம் கொடுத்தேன். வாங்கினாள். "அக்கா, அடுத்தமுறை வந்தால் என்னோடை இரு. குதிரையைத் தொடாதை" என்றாள்.

செவ்வாய்க்கிழமை போன் எடுத்து, வேலி அடுக்கியாயிற்றோ என்று கேட்டேன். இல்லையாம். பவுசர் வந்து தாங்கி நிரம்பிவிட்டதாம், தனக்கும் இனி அதில்தான் தண்ணீராம். கறுவல் போய்வர வழி வேணுமாம். அடுக்கினால் பிறகு பிரிக்க வேணுமாம். மூன்று வருடம் நாலு முழ வேலிக்காகச் சண்டை பிடித்தவள் கதைக்கிற கதை இது.

அன்றைக்கே மகளும் லண்டனிலிருந்து எடுத்தாள். "என்னம்மா, ஒரு சத்தத்தையும் காணேல்லை? தாங்கி என்ன மாதிரி?"

"தாங்கியோ? எங்கடை வளவுக்குள்ளாலைதான் போனது" என்றேன். பொய் சொல்லவில்லை. புளியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.